நான் மறைத்த ஒன்றரை மணி நேரம்

அன்று மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அந்த ஹாலுக்குள் இருந்தவர்கள்: ஆண்டு விழா ஒத்திகைக்கு வந்த ஐந்து பெண் குழந்தைகள், அவர்களுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், லேப்டாப்பில் பாட்டுப் போட உட்கார்ந்திருந்த டீச்சரின் கணவர், விளக்குகளை வாடகைக்குக் கொண்டுவந்த கம்பெனியின் ஆள் ஒருவர், வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டி ஒருவர், பிறகு நான். மொத்தம் பத்துப் பேர். இதை முதலில் போலீசிடம் சொன்னேன், அப்புறம் இரண்டு வக்கீல்களிடம் சொன்னேன். எண்ணிக்கை ஒரு தடவையும் மாறவில்லை.

விளக்கு ஸ்டாண்ட் விழுந்தது ஒரே ஒரு குழந்தையின் மேல். அந்தக் குழந்தையின் அம்மா இந்தப் பத்துப் பேரில் இல்லை. காரில் மறந்துவிட்ட சலங்கையை எடுக்கப் போயிருந்தாள். சலங்கையோடு திரும்பி வந்தவளை உள்ளே விடாமல் நிறுத்தியது நான்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மனைவி நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தோம். வெஸ்ட் வின்ட்சர் பக்கத்தில் ஓர் இந்திய மளிகைக் கடையில் காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஏதாவது விழா என்றால் நாற்காலி போட, மேசை மடக்க, வயர் இழுக்க என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். எந்த ஹாலுக்குள் போனாலும் வெளியேற எத்தனை வழி என்று முதலில் எண்ணுவேன். அன்றும் எண்ணினேன். பக்கவாட்டில் ஒன்று, மேடைக்குப் பின்னால் சாமான் ஏற்றி இறக்கும் கதவு ஒன்று. தரையில் ஓடிய வயர்களையெல்லாம் டேப் போட்டு ஒட்டினேன். சாம்பார் பாத்திரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினேன். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்த அந்த ஸ்டாண்டின் கால்களில் மணல் பை வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதே பிறகு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சத்தம் பெரிதாக இல்லை. சந்தையில் தராசுத் தட்டு கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எட்டு வயதுக் குழந்தை. டீச்சரின் கணவரும் நானும் ஸ்டாண்டைத் தூக்கி ஒதுக்கினோம். தலையில் அடிபட்டால் ரத்தம் எப்படி வரும் என்று மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டது வேறு. விளக்குக் கம்பெனி ஆள் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். டீச்சர் தன் துப்பட்டாவைச் சுருட்டிக் குழந்தையின் காதுப் பக்கம் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கவாட்டுக் கதவின் கண்ணாடி வழியாக, காரிடார் கோடியில், கையில் துணிப்பையோடு அவள் வருவதைப் பார்த்தேன்.

நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் இல்லை. தாம்பரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கணவன் மனைவி இருவருமே கம்ப்யூட்டர் வேலை. கடைக்கு வந்து முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பாள், நான் முறைப்பேன், அப்படி ஆரம்பித்த பழக்கம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து வெளியே வந்து, கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“என்னண்ணா, உள்ள ஏதோ சத்தம்?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி, ஃபியூஸ் போயிருச்சு. உள்ள ஒரே இருட்டு. பிள்ளைங்கள அந்தப் பக்கமா வெளிய கூட்டிட்டுப் போறாங்க.”

“அய்யோ, அவ இருட்டுன்னா பயப்படுவாளே.”

“டீச்சர் பக்கத்துல இருக்காங்கம்மா. நீங்க ஒண்ணு பண்ணுங்க, கார்ல தண்ணி பாட்டில் இருந்தா எடுத்துட்டு வாங்க, பிள்ளைங்களுக்கு ஆவும்.”

இப்படித்தான் சொன்னேன். வாயிலிருந்து தடங்கல் இல்லாமல் வந்தது. கடையில் எடை கூடக் குறையச் சொல்லத் தெரியாதவன் நான். அவளும் சரி என்று திரும்பிப் போனாள். கார் நிறுத்தும் இடம் கட்டிடத்தின் மறுகோடி. அவள் தண்ணீரோடு வருவதற்குள் ஆம்புலன்ஸ் பின்பக்கக் கதவுக்கு வந்து குழந்தையையும் டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். முதலில், கீழே விழுந்துவிட்டாள் என்று. பிறகு, நெற்றியில் சின்னக் காயம் என்று. பிறகு, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமென்று கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று. அவள் கணவன் அலுவலக வேலையாக டல்லாஸ் போயிருந்தான். அவள் கார் சாவியை எடுப்பதைப் பார்த்து, “நீங்க ஓட்ட வேண்டாம், நான் கூட்டிட்டுப் போறேன்” என்று என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

தலைக்காயத்துக்கான பெரிய ஆஸ்பத்திரி முப்பத்தைந்து நிமிடத் தூரம். கிளம்பும்போது மணி இரண்டரை. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஏறி முதல் சிக்னலில் நின்றபோது டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. “அங்கிள், தலையெல்லாம் ப்ளட். இன்னும் க்ளீன் பண்ணல. அக்காவ மெதுவா கூட்டிட்டு வாங்க.” போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த வளைவில் பெட்ரோல் பங்குக்குள் காரைத் திருப்பினேன்.

டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. எங்கள் மாநிலத்தில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள முடியாது, ஆள் வந்துதான் போடுவார். முன்னால் இரண்டு கார்கள் நின்றன. நான் அவசரப்படவில்லை. போட்டு முடித்த பிறகு கடைக்குள் போய் ஒரு ஆரஞ்சு ஜூசும் வாழைப்பழமும் வாங்கி வந்து, “இதக் குடிங்க, வெறும் வயித்தோட போனா மயக்கம் வரும்” என்றேன். அவள் வேண்டாம் என்றாள். வற்புறுத்தினேன். ஒரு வாய் குடித்தாள். அப்புறம் தெரிந்த வழியை விட்டுச் சுற்று வழியில் ஓட்டினேன். போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. குழந்தையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் தன் மகளை முதலில் பார்த்தது இரவு எட்டு மணிக்குமேல். தலை துடைத்துக் கட்டுப்போட்டு, வெள்ளைப் போர்வை கழுத்துவரை இழுத்துவிட்டு, தூங்குகிற குழந்தையாக.

நான் நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். எங்களில் யாருக்கும் இது புதிதில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஊரிலிருந்து ஒரு போன் வந்திருக்கும்: “அப்பாவ ஐசியூல வெச்சிருக்காங்க, ஒண்ணும் பயப்படாத, டிக்கெட் மட்டும் போடு.” நெவார்க் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவனுக்கு உண்மை தெரியும். விமானத்தில் ஏறுகிறவனுக்கும் உள்ளுக்குள் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து தெரியாத மாதிரி சூட்கேசை எடை போடுவார்கள். நானே நாலு பேரை அப்படிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ஒருவரும் என்மேல் கோபப்பட்டதில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி, ஆறு மாதம் பயிற்சிகள். இடது காதில் கேட்கும் திறன் பாதி போய்விட்டது. மற்றபடி பள்ளிக்குப் போகிறாள், நடனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீச்சலில் சேர்ந்திருக்கிறாள். “ஐ டோன்ட் ஈவன் ரிமெம்பர் இட், அங்கிள்” என்று தோளைக் குலுக்குவாள். அவளுடைய வழக்கை விளக்குக் கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர்கள் அதிகம் இழுக்காமல் முடித்துக்கொண்டார்கள். அந்தப் பணம் அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை கோர்ட்டின் பொறுப்பில் இருக்கும். பெற்றோர் நினைத்தாலும் எடுத்துச் செலவு செய்ய முடியாது.

மீளாமல் போனது அம்மா. நாலு மாதத்தில் தெரிய ஆரம்பித்தது. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக்கொண்டு மூன்று மணிக்கு மணியடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். கூரை உயரமான எந்த இடத்துக்குள்ளும் வரமாட்டாள், எங்கள் கடை உள்பட. தூக்கத்தில் எழுந்து மகளின் தலையைத் தடவித் தடவி ஈரம் இருக்கிறதா என்று கையைப் பார்ப்பாளாம். வேலையை விட்டாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். அவர்கள் வக்கீல், அம்மாவுக்குத் தனியாக ஒரு வழக்கு உண்டு என்றார். உடம்பில் காயம் இல்லாவிட்டாலும், கவனக்குறைவால் ஒருவருடைய மனம் முறிந்தால் அதற்கும் ஈடு கேட்கலாம். ஆனால் சில விஷயங்கள் பொருந்தி வரவேண்டும். அம்மா அங்கே இருந்தாரா? பார்த்தாரா? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த சாட்சி நான் ஒருவன். சாட்சி சொல்ல வரச்சொல்லிக் கடிதம் என் வீட்டுக்கு வந்தது.

என் அக்கா மகன் லண்டனில் சட்டம் படிக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன்.

“மாமா, இந்தச் சட்டம் எல்லாமே எங்க ஊர்லருந்து அங்க வந்ததுதான்” என்றான், இங்கிலாந்து ஏதோ அவன் அப்பா வாங்கிப் போட்ட மனை மாதிரி. “அடிபட்டவங்க முதல் ஆளு. அதப் பாத்து மனசு உடைஞ்சவங்க ரெண்டாவது ஆளு. ரெண்டாவது ஆளுன்னா மூணு கேள்வி கேப்பாங்க. நெருங்கின உறவா? நேர்லயே, அந்த எடத்துல, அந்த நேரத்துல இருந்தாங்களா? தன் கண்ணால பாத்தாங்களா, இல்ல அடுத்தவங்க சொல்லிக் கேட்டாங்களா? சொல்லிக் கேட்டா கெடையாது.”

“ஆஸ்பத்திரில போய் பாத்தா?”

“உடனே போய், துடைச்சு கட்டுப் போடறதுக்கு முன்னாடி, அந்தக் கோலத்துலயே பாத்திருந்தா இங்க ஒத்துக்கிட்ட கேஸ் உண்டு. அங்க எப்படின்னு உங்க வக்கீலத்தான் கேக்கணும். ஆனா ரெண்டு நாட்டுலயும் கோடு ஏறக்கொறைய ஒரே எடத்துலதான் மாமா போட்டிருக்கான்.”

“துடைச்சதுக்கு அப்புறம்னா?”

“ஏன் மாமா, ரொம்ப லேட்டாப் போனாங்களா?”

நான் பேச்சை மாற்றினேன். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எனக்கும் நெஞ்சு படபடப்பு உண்டு; கடையில் தள்ளுவண்டி இடித்தால்கூடக் கை வேலை செய்யாது. இசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அதையும் அவனிடம் கேட்டேன்.

“நீங்க காப்பாத்தப் போனவரு. ஆனா அதுக்கும் ரூல் இருக்கு. உங்க மேலயே ஏதாவது விழும்ங்கற ஆபத்து இருந்துச்சா? அட்லீஸ்ட் அப்பிடி பயந்தீங்களா?”

“நான் எப்பல பயப்படாம இருந்திருக்கேன்?”

“கோர்ட்ல இப்பிடி சொல்லிறாதீங்க மாமா” என்று சிரித்தான். பிறகு, “வேதனை எல்லாருக்கும் உண்டுதான். எல்லாருக்கும் குடுத்து மாளாதுன்னு எங்கயோ ஒரு கோடு போட்டிருக்காங்க. போட்டவங்களுக்கே அது சரியான எடமான்னு தெரியாது” என்றான்.

போனை வைத்த பிறகு பெட்ரோல் பங்க்தான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு காரின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது நான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

சாட்சி சொல்வதற்கு முந்தைய நாள் அவள் கணவன் கடைக்கு வந்தான். நான் வெண்டைக்காய் கொட்டிக்கொண்டிருந்தேன். அவனும் ஒரு கவரை எடுத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

“அண்ணா, லாயர் யார்கிட்டயும் எதுவும் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு. நானும் சொல்லிக்குடுக்க வரல. ஜஸ்ட் ஒரு டவுட்.”

“சொல்லுங்க.”

“அந்தக் கதவுல கண்ணாடி இருக்குல்ல?”

“இருக்கு.”

“நீங்க என்ன அவ்ளோ ஹைட்டா? உங்க தோளுக்கு மேல ஒரு செகண்ட் பாத்திருக்கலாம்ல அவ? இல்லன்னு உங்களால எப்படி ஷ்யூரா சொல்ல முடியும்?”

அவன் வெண்டைக்காயைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக முற்றலும் பிஞ்சுமாகச் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“ஷ்யூரா தெரியாதுன்னு சொன்னா போதும்ணா. அது பொய் இல்லையே. தெரபிக்கு வாரம் நூத்தி எண்பது டாலர். அவ சம்பளமும் இல்ல. என் ஜாப் இருக்குமா போகுமான்னு தெரியாது. அவளுக்காகத்தான் கேக்கறேன்.”

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை, சோபாவில் கால் நீட்டியிருந்தாள்.

“தெரியாதுன்னு சொல்லிறட்டுமா?”

“உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும். அவங்க நெஞ்சுயரம்தான் வருவாங்க. பாத்திருக்க முடியாது.”

“அப்ப என்ன கேள்வி இது? எங்கிட்ட தினம் எத்தன குடும்பம் வருது. ‘எங்க அம்மா எப்படி இருக்காங்க’ன்னு கேப்பாங்க. நேரா மொகத்தப் பாத்துச் சொல்லுதோம். உக்கார வச்சிச் சொல்லுதோம், தண்ணி குடுத்துச் சொல்லுதோம், ஆனா சொல்லிருதோம். நீங்க அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நேரா கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிருப்பேன். கேக்கலியே.”

“மனசு கேக்கலடி.”

“யாரு மனசு? அவ மனசா, உங்க மனசா?” என்று கேட்டுவிட்டு எழுந்து குளிக்கப் போனாள்.

மறுநாள் காலை பிரின்ஸ்டன் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு வக்கீல் அலுவலகம். கோர்ட் இல்லை, நீளமான மேசை போட்ட அறை. எதிர்த்தரப்பான விளக்குக் கம்பெனியின் வக்கீல் ஐம்பது வயதுப் பெண்மணி, நான் உட்காரும்வரை தானும் உட்காராத மரியாதைக்காரர். பேசுவதையெல்லாம் மெஷினில் தட்டிக்கொண்டிருக்க ஒருவர். மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். “பயப்பட வேண்டாம், ஆறுதலாச் சொல்லுங்கோ” என்றார். மேசைக்கு எதிர்ப்பக்கம், தன் வக்கீலுக்குப் பக்கத்தில், தங்கச்சி. அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வழக்குக்காரர் உட்கார்ந்து கேட்கலாமாம்.

வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். பொய் சொன்னால் க்ரீன் கார்டு போய்விடும் என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. அதை இங்கே மறைத்து, மனசாட்சி என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்தான்.

ஸ்டாண்ட் விழுந்தபோது அம்மா எங்கே? காரில். திரும்பி வந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்? கதவுக்கு வெளியே. கண்ணாடி வழியாக அவர் உள்ளே பார்த்திருக்க முடியுமா?

“முடியாதுங்க. நான் மறைச்சு நின்னேன்.”

“ஏன் மறைத்தீர்கள்?”

“அவங்க பாக்கக் கூடாதுன்னு.”

பெரியவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தட்டுகிற சத்தம் வந்து நின்றது. அவளுடைய வக்கீல் பேனாவை மேசையில் வைத்தார். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பெண்மணி ஒரு காகிதத்தைப் பார்த்து, கிளம்பியது இரண்டரை, சேர்ந்தது நாலு, தூரம் முப்பத்தைந்து நிமிடம், இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“பெட்ரோல் போட்டேன்.”

“டேங்க் காலியாக இருந்ததா?”

அங்கே ஒரு தண்ணீர்க் கோப்பை இருந்தது. அதை எடுத்துக் குடித்தேன். பெரியவர் மெதுவாகத் தமிழில் இன்னொரு தடவை கேட்டார்.

“இல்லை. பாதிக்கு மேல இருந்துச்சு.”

அது அவளுக்குத் தெரியாது. கண்ணாடியை மறைத்தது தெரியும், ஃபியூஸ் கதை தெரியும், அதையெல்லாம் அவள் எனக்கு எப்போதோ மன்னித்திருந்தாள். பெட்ரோல் நிஜமாகவே தேவைப்பட்டது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையின் மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் காரிடாரில் என்னிடம் வந்தாள்.

“எவ்ளோ நேரம்ணா?”

“என்னம்மா?”

“நீங்க நேரா போயிருந்தா அவள எவ்ளோ நேரம் பாத்திருப்பேன்? உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி?”

கணக்கு எனக்கு மனப்பாடம். “இருபத்தஞ்சு நிமிஷம்.”

“டீச்சர் சொன்னாங்க, அவ முழிச்சிட்டு இருந்தான்னு. டாக்டர் எல்லார்கிட்டயும் அம்மா எங்கன்னு கேட்டாளாம். நான் வாழைப்பழம் சாப்ட்டுட்டு இருந்திருக்கேன்.”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னு…”

“அத நீங்க எப்படிண்ணா முடிவு பண்ணீங்க? பாத்திருந்தா ஒரு தடவதான் பாத்திருப்பேன். பாக்காததால தினம் ஒரு மாதிரி பாக்கறேன். ஒரு நாள் கண்ணு இல்லாம வர்றா. ஒரு நாள் கையி இல்லாம. எது நெஜம்னு எனக்கு சொல்றதுக்கு ஆள் இல்ல.”

அவள் குரல் உயரவே இல்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போனோம்.

மூன்று மாதம் கழித்து நீதிபதி வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது என்று முடித்துவிட்டார். அவளுடைய நோயை யாரும் சந்தேகப்படவில்லை என்று எழுதியிருந்தாராம். உறவும் நெருங்கின உறவுதான். ஆனால் அவள் பார்க்கவில்லை. நல்ல எண்ணத்தோடு மறைத்த ஒருவரால் பார்க்காமல் போனாலும் பார்க்காதது பார்க்காததுதான் என்ற பொருளில் ஒரு வரி இருந்ததாக அவள் கணவன் போனில் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. “சரிண்ணா, வெக்கறேன்” என்று வைத்தான். அதன் பிறகு அவர்கள் காய்கறி வாங்க எங்கள் கடையை விட்டு, தள்ளியிருக்கும் எடிசனுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

நான் அந்த வரியை ரொம்ப நாள் யோசித்தேன். கண்ணால் கண்டவளின் வலிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காண விடாமல் பிடித்து வைக்கப்பட்டவளின் வலிக்கு இடம் இல்லை. அந்த நீதிபதியைக் குறை சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, மனமும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை: எங்கள் ஆட்கள் நடுவே இப்படிப் பிடித்து வைப்பது எவ்வளவு சாதாரணம், அதைச் செய்கிறவனுக்கு எவ்வளவு நல்ல பெயர் கிடைக்கும் என்று. யாருடைய மனசு என்று என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தெரியும். தங்கச்சி அழுவதை நான் ஒருவனாக, ஒரு காருக்குள், பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம் எனக்கு. டல்லாசிலிருந்து கணவன் வந்து சேரட்டும், டீச்சர் பக்கத்தில் இருக்கட்டும், வேறு யாராவது இருக்கட்டும். அதற்காக வாங்கிய நேரம் அது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை அவளே போன் செய்தாள்.

“அண்ணா, தெரபிஸ்ட் ஒண்ணு கேட்டாங்க. அன்னிக்கு உள்ள இருந்தவங்க யாராவது நடந்தத அப்படியே சொல்லுவாங்களான்னு. டீச்சர் அழறாங்க, அவங்களால முடியல. நீங்க வர்றீங்களா?”

“வாரேன்.”

“ஒரு கண்டிஷன். எனக்காக எதையும் கொறைக்கக் கூடாது.”

பிளைன்ஸ்பரோவில் சின்ன அலுவலகம், மூன்று நாற்காலி. தெரபிஸ்ட் வெள்ளைக்காரப் பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். நாங்கள் தமிழிலேயே பேசலாம், தனக்குப் புரிய வேண்டியதில்லை என்றார். நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பத்துப் பேரிலிருந்து ஆரம்பித்தேன். யார் எங்கே நின்றார்கள், எந்தப் பாட்டு ஓடியது, ஸ்டாண்ட் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று வரிசையாகச் சொன்னேன். இரண்டு தடவை பாதியில் நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள்.

“கண்ணு?”

“ரெண்டும் இருந்துச்சும்மா. இடது கண்ணுல ரத்தம் வழிஞ்சதால மூடியிருந்தா. வலது கண்ணு தொறந்துதான் இருந்துச்சு.”

“கை?”

“கை ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. பாவாடைய இறுக்கிப் பிடிச்சிருந்தா. டீச்சர் விரல எடுத்துவிட்டும் விடல.”

“காது?”

மனசுக்குள் ஒரு வார்த்தை வந்து நின்றது, லேசான காயம் என்று. அதை விழுங்கினேன். “காது மேல்பக்கம் கிழிஞ்சு தொங்கிச்சு.”

அவள் தலையை ஆட்டினாள், கடையில் விலை கேட்டு ஆட்டுவது போல. “ம். அப்புறம்?”

“உங்கள கூப்ட்டா. ரெண்டு தடவ.”

“எப்படி?”

“சத்தமா இல்லம்மா. பக்கத்து ரூம்ல நீங்க இருக்கற மாதிரி.”

“அப்ப நான் எங்க இருந்தேன்?”

“காரிடார்ல வந்துட்டு இருந்தீங்க. பையில சலங்கை சத்தம் போட்டிருக்கும். அது கனமான கதவு. அவ கூப்ட்டது உங்களுக்குக் கேட்டிருக்காது.”

“கதவ தொறந்திருந்தா?”

“கேட்டிருக்கும்.”

அவள் அழுதாள். நான் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் எடுத்துக்கொடுக்கவில்லை, வேறு பேச்சுப் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரபிஸ்டும் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை போனேன். அவள் அதே கேள்விகளைக் கேட்டாள், நானும் அதே பதில்களைச் சொன்னேன். மூன்றாவது தடவை நான் பாட்டை மாற்றிச் சொல்லிவிட்டேன். “இல்லண்ணா, அது ரெண்டாவது பாட்டு” என்று அவளே திருத்தினாள், கூட இருந்து பார்த்தவள் மாதிரி. அவள் குணமாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு நாள் மகளைப் பள்ளி பஸ்சில் அனுப்புகிறாளாம்.

அந்த மூன்றாவது நாள் வெளியே வரும்போது முன்மேசைப் பெண் ஒரு காகிதத்தை அவளிடம் நீட்டினாள். அவள் பார்த்துவிட்டு மடித்தாள். எத்தனை வாரத்துக்கான பாக்கி என்று நான் கேட்டேன்.

“பதினாறு. உங்களுக்கு எதுக்குண்ணா?”

“பாதி நான் கட்டறேன்.”

“பாவத்துக்கு ஃபைன் கட்றீங்களா?”

“மூணு மணி நேரம் நானும்தானம்மா அந்த நாக்காலில உக்காந்திருந்தேன். எனக்கும் இப்ப ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருது.”

அவள் காகிதத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். “பாதி மட்டும். ஒரு டாலர் கூடக் கட்டக் கூடாது. நான் கேட்டுச் செக் பண்ணுவேன்” என்றாள்.

கடைச் சம்பளத்தில் அப்போதைக்கு முடிந்ததைக் கட்டினேன், அவளும் கொஞ்சம் கட்டினாள். இதை எழுதுகிற இன்று, இரண்டு பேர் பங்கும் சேர்த்து இன்னும் கட்ட வேண்டியது இரண்டாயிரத்து நூற்று அறுபது டாலர்.